ரேடியோ ஸ்டேஷன் டர்ன்டேபிளும் மிக்சரும்: குமரி எல்லையில் வாங்குவோருக்கு ஒரு மதிப்புரை

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் இருந்துகொண்டு, ரேடியோ நிலையத்துக்கென்றே செய்த பழைய டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் மெஷின்) ஒன்றைத் தேடுகிறவர் அமெரிக்க ரிம்-டிரைவ் வகையை, அதாவது மோட்டார் ஒரு ரப்பர் சக்கரத்தின் வழியே தட்டின் விளிம்பைச் சுழற்றும் வகையை, தொட வேண்டாம். கேட்ஸ், க்யூஆர்கே, ரஸ்கோ என்று பெயர் எதுவானாலும் சரி. மெஷின் மோசம் என்பதால் அல்ல. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அவை பிறந்தது 60 ஹெர்ட்ஸுக்கு.

விற்பவர்கள் சொல்வது ஒன்றே: "ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வச்சா போதும் அண்ணே, சூப்பரா ஓடும்." ஓடும், ஆனால் மெதுவாக ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும். ஹெர்ட்ஸை அது தொடாது. ரிம்-டிரைவ் மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பதோ ஹெர்ட்ஸ்தான். 60க்குப் பதில் 50 கிடைத்தால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும், 78 சுற்று 65 ஆகிவிடும். பாட்டில் இதன் விளைவு என்னவென்றால், ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். லயமும் ஆறில் ஒரு பங்கு தளர்ந்துவிடும்.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. மோட்டார் கப்பியின் விட்டம் 1.2 மடங்காக இருக்கும்படி லேத் பட்டறையில் பித்தளையில் புதுக் கப்பி கடைந்து வாங்கலாம். ஆனால் 10 மில்லிமீட்டர் கப்பியில் 0.03 மில்லிமீட்டர் பிசகினால் வேகம் 0.3 சதவீதம் பிசகும். கப்பி பெருத்ததால் ஐட்லர் என்கிற அந்த ரப்பர் சக்கரம் நகரும் இடமும் மாறும், லிவரை வளைத்துப் பார்க்க வேண்டிவரும். கப்பி சரியாக அமைந்தாலும் 60 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 120 வோல்ட் கொடுத்தால் சூடேறும். சுமார் 100 வோல்ட்டுக்கு இறக்கினால்தான் காயில் தாங்கும். இவ்வளவும் செய்ய மனமும் பட்டறைப் பழக்கமும் இருப்பவர் வாங்கலாம். மற்றவர்களுக்கு அது வெறும் கனமான இரும்புதான்.

வீட்டில் பாட்டுக் கேட்கும் டர்ன்டேபிளுக்கும் ரேடியோ டர்ன்டேபிளுக்கும் அடிப்படை வித்தியாசம் ஒன்றே. அறிவிப்பாளர் பாட்டின் பெயரைச் சொல்லி முடித்த மறு நொடி பாட்டு சரியான சுருதியில் எழ வேண்டும். தட்டு நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு எத்தனை நொடியில் வருகிறது என்பதே இந்த மெஷின்களின் உரைகல். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 வேகம் பிடிக்க 0.7 நொடி எடுக்கும், அதற்குள் தட்டு ஏறத்தாழ 70 டிகிரி நகர்ந்திருக்கும். பாட்டின் முதல் ஒலியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் சுற்று பின்னால் திருப்பி நிறுத்தினால் இழுவை இல்லாமல் பாட்டு தொடங்கும். டெக்னிக்ஸ் எஸ்பி-10 மார்க் 2 0.25 நொடியில், 25 டிகிரிக்குள் வேகம் பிடித்துவிடும். அதற்கு இரண்டு விரல் அகலம் பின்னால் இழுத்தாலே தாராளம்.

இப்படி முன்னும் பின்னும் திருப்பி நிறுத்துவதற்கு 'க்யூ' என்று பெயர், அதன் வடு இசைத்தட்டில் தங்கும். நிலையங்கள் கழித்துவிட்ட இசைத்தட்டுகள் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு பாட்டின் முதல் இரண்டு நொடியைக் கேட்டுப் பாருங்கள். அங்கே மட்டும் மணல் கொட்டுவதுபோல் சரசரப்பு இருந்தால் அது க்யூ செய்த தேய்மானம், எந்தத் திரவத்தில் கழுவினாலும் போகாது. வீட்டில் க்யூ செய்து பழகுவதானால் உருண்டை முனை முள் போடுங்கள். நீள்வட்ட முனை பின்னோக்கிப் போகும்போது பள்ளத்தின் சுவரைச் சுரண்டும்.

இனி ஒவ்வொன்றாக. இங்கே கைக்கு எட்டுவதில் நான் முதலிடம் தருவது கேரார்ட் 301க்கும் 401க்கும். 301 1950களின் நடுவில் வந்தது. 1965இல் 401 அதன் இடத்தைப் பிடித்தது. பிபிசி தன் ஸ்டூடியோ மேசைகளில் 301ஐப் பொருத்தியது. இங்கிலாந்துச் சரக்கு என்பதால் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் கப்பியோடுதான் வரும், வோல்டேஜும் நமக்கு ஒத்துவரும். மோட்டார் இணைப்புப் பலகையில் சிறு பட்டைகளை மாற்றி 100-130 வோல்ட்டுக்கோ 200-250 வோல்ட்டுக்கோ வைத்துக்கொள்ளலாம். வாங்கிய அன்றே அதைத் திறந்து பார்ப்பது கட்டாயம். உள்ளே ஐசி கிடையாது, சர்க்யூட் போர்டு கிடையாது. எண்ணெய், ரப்பர், ஸ்பிரிங், இரும்பு, அவ்வளவே. நல்ல தையல் மெஷின் மெக்கானிக் ஒருவர் இதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார்.

இதில் கெடுவது ஐட்லர் ரப்பர் சக்கரம். மெஷினை 'ஆன்' நிலையில் வைத்தபடியே மின்சாரத்தை மட்டும் சுவரில் நிறுத்தினால் சக்கரம் கப்பியோடு அழுந்திக் கிடந்து ஓர் இடத்தில் குழிந்துபோகும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் 'டொக் டொக்' என்று தட்டும். ரப்பர் கட்டிப்பட்டிருந்தால் உறுமல் ஒலி ஸ்பீக்கருக்கு வரும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் பஞ்சமில்லை என்றாலும் கண்ட ரப்பரை ஒட்டிச் சமாளிக்க முடியாது. அச்சக ரோலருக்கு ரப்பர் ஏற்றிக் கடைகிற பட்டறையில் கொடுங்கள். சக்கரத்தை அதன் சொந்த அச்சிலேயே மாட்டிக் கடையச் சொல்லுங்கள், வேறு அச்சில் கடைந்தால் மையம் தவறும். ரப்பரும் கப்பியும் தொடும் இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தாலே பாதி வழுக்கல் போய்விடும்.

எண்ணெய் விஷயத்தில் நம் பக்கத்து வழக்கம் ஒன்றைக் கைவிட வேண்டும். எது கிறீச்சிட்டாலும் தேங்காயெண்ணெய் விடுவது. பேரிங்குக்குள் அது நாளாவட்டத்தில் பிசினாகும், மழைக்காலக் குளிரில் உறையவும் செய்யும். 301இல் முதலில் வந்தவை கிரீஸ் பேரிங், பின்னால் வந்தவை எண்ணெய் பேரிங். இரண்டையும் குழப்பக்கூடாது. பழைய மசகை மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவித் துடைத்து, உலரவிட்ட பிறகே புதியது ஊற்ற வேண்டும்.

வேகம் சரிதானா என்று பார்க்க ஸ்ட்ரோப் தாள் போதும்: தட்டின்மேல் வைத்துச் சுழற்றினால், வேகம் சரியானபோது அதன் கோடுகள் நிற்பதுபோல் தெரியும். 33⅓க்கு 50 ஹெர்ட்ஸில் 180 கோடு உள்ள வட்டம் வேண்டும். இணையத்தில் கிடைப்பவற்றில் பாதி 216 கோடு, அது 60 ஹெர்ட்ஸுக்கானது. இன்றைய எல்இடி பல்பின் ஒளியில் பார்த்தால் கோடு நிற்காது. நியான் விளக்கின் கீழ் பாருங்கள்.

தோரன்ஸ் டிடி 124 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1957இல் வந்த சுவிஸ் மெஷின், பெல்ட்டும் ஐட்லரும் சேர்ந்தது. கனமான கீழ்த்தட்டு சுழன்றுகொண்டே இருக்க, மேலே உள்ள அலுமினியத் தட்டை மட்டும் கிளட்ச் போல் தூக்கி நிறுத்தலாம், இறக்கி ஓட்டலாம். அழகான ஏற்பாடு. கப்பி 50 ஹெர்ட்ஸ்தானா என்று பாருங்கள். இரும்புத் தட்டு உள்ளதென்றால் மூவிங் காயில் வகைக் கார்ட்ரிட்ஜின் (முள்ளைத் தாங்கி அதன் அசைவை மின்சிக்னலாக்கும் தலை) காந்தம் தட்டை நோக்கி இழுக்கப்பட்டு, முள் அழுத்தம் கூடிவிடும்.

எஸ்பி-10 மார்க் 2 1975இல் வந்தது. முதல் எஸ்பி-10 டைரக்ட் டிரைவ் (மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும்) டர்ன்டேபிள்களுக்கே தொடக்கம். வேகத்தைக் குவார்ட்ஸ் படிகத்தோடு கட்டிவைக்கும் குவார்ட்ஸ் பூட்டு இருப்பதால் ஹெர்ட்ஸ் பற்றிக் கவலையே இல்லை. ஜப்பான் உள்நாட்டுச் சரக்கென்றால் 100 வோல்ட். 100 விஏ ஸ்டெப்-டவுன் ஒன்று வைத்தால் நிம்மதியாக ஓடும், மெஷின் எடுப்பது 25 வாட் அளவுதான். தட்டைச் சுழற்றும் முறுக்குவிசை 6 கிலோ-சென்டிமீட்டர். எஸ்எல்-1200 மார்க் 2இல் அது 1.5. பிரஷ்ஷை அழுத்திப் பிடித்துத் தட்டைத் துடைத்தாலும் வேகம் அசையாது.

ஆனால் இதில் முள்ளைத் தாங்கும் டோன் ஆர்ம் கிடையாது, அடிக்கட்டையும் கிடையாது, ஸ்டூடியோ மேசையில் பதிக்கவென்றே செய்தது. அடிக்கட்டைக்கு நம்மூர் அயனி மரம் நன்றாகவே பொருந்தும். நன்கு காய்ந்த பலகையை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கனமாகச் செய்தால் போதும். பச்சை மரத்தில் செய்தால் ஒரு மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும், ஆர்ம் இருக்கும் பலகையின் மட்டமும் போய்விடும்.

எஸ்பி-10இன் பலவீனம் அதன் தனி மின்பெட்டி. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள் வயதானவை. வாங்கி வந்ததும் நேரே பிளக்கில் மாட்டாமல், 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு முதலில் பாருங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது, பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட். கப்பாசிட்டர் மாற்றும்போது 105 டிகிரி தாங்கும் வகையைப் போடுங்கள். கப்பாசிட்டர் எங்கும் கிடைக்கும். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் ஐசி போய்விட்டால்தான் சிக்கல், இன்னொரு மெஷினைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே, 'வேகம் பூட்டவில்லை, சின்ன ரிப்பேர்தான்' என்று சொல்லி மலிவாகத் தருவதை வாங்காதீர்கள்.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று டெக்னிக்ஸ் எஸ்பி-15. 33, 45, 78 மூன்றும் உண்டு, 0.1 சதவீதப் படிகளில் 9.9 சதவீதம் வரை வேகத்தை ஏற்றி இறக்கலாம். இந்த வசதி நமக்கு ஏன் முக்கியம் என்றால், குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரத்திலும் பழைய வீடுகளில் கிடப்பவை பெரும்பாலும் 78 தட்டுகள்தான். நாதஸ்வரம், கர்நாடக சங்கீதம், நாடகப் பாட்டு, பழைய சினிமா. எல்லா 78உம் துல்லியமாக 78இல் பதிவானவை அல்ல. பாடகரின் வழக்கமான கட்டை தெரிந்தால் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு வேகத்தைத் திருப்பிப் பொருத்திவிடலாம். எஸ்எல்-1200 மார்க் 2இல் 78 கிடையாது. வளைகுடாவிலிருந்து வந்த எஸ்எல்-1200 நம் பக்கம் நிறையவே கிடைக்கிறது, உழைப்பாளி மெஷின், ஆர்மும் கூடவே வரும், லாங் பிளே மட்டும் கேட்பவருக்கு இதுவே போதும். சவூதியில் முன்பு வீட்டு மின்சாரம் 127 வோல்ட். அங்கிருந்து வந்ததென்றால் வோல்டேஜ் சுவிட்ச் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

78 தட்டுக்கு முள்ளும் வேறு. லாங் பிளே முள் பள்ளத்தின் அடியில் கிடந்து குப்பையைத்தான் வாசிக்கும். முனையின் ஆரம் 3 மில் (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) உள்ள முள் வேண்டும். ஆடியோ டெக்னிகாவின் விஎம்95எஸ்பி இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, அழுத்தம் 5 கிராம். இரு சேனலையும் மோனோவாகச் சேர்த்தால் மேல்-கீழ் அசைவில் வரும் இரைச்சல் அடிபட்டுப்போகும். லாங் பிளேக்கு ரேடியோ தரத்தில் வேண்டுமென்றால் டெனான் டிஎல்-103. ஜப்பானின் என்எச்கே வானொலியோடு சேர்ந்து உருவாக்கி 1964 முதல் வருகிற கார்ட்ரிட்ஜ், அழுத்தம் 2.5 கிராம். வெளியீடு 0.3 மில்லிவோல்ட்தான், சிக்னலைப் பெருக்கும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ மூவிங் காயில் பிரீஆம்போ இல்லாமல் எழாது. ஷூர் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. 'கம்பெனி முள்' என்று சீல் உடையாமல் வருகிற ஷூர் முள்ளை, அசல்தானா என்று காசு கொடுக்குமுன் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

இஎம்டி 930தான் இந்த வரிசையின் அரசன். ஜெர்மன் நிலையங்களுக்காகச் செய்தது. பெரிய தட்டு எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும், மேலுள்ள அக்ரிலிக் தட்டை பிரேக் பிடித்து நிறுத்தியிருக்கும், விட்டால் அரை நொடியில் வேகம். பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது, வெளியே வருவது லைன் அளவு சிக்னல். அதை மிக்சரின் போனோ முனையில் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலுக்கானது) செருகினால் கர்ணகொடூரமாகச் சிதையும். கார்ட்ரிட்ஜ் முனையும் இஎம்டிக்கே உரியது, கார்ட்ரிட்ஜ் மாட்டும் சாதாரண ஹெட்ஷெல் பொருந்தாது. ஆக, மெஷின் வாங்கும் காசோடு முள் வாங்கும் காசையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். தனியார் வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 78 சேகரிப்பைக் கணினிக்கு மாற்றும் நூலகமோ கல்லூரியோ வாங்கினால் தலைமுறைக்கும் நிற்கும்.

பல ஒலிகளைச் சேர்த்துக் கலக்கும் மிக்சருக்கு வருவோம். இங்கே பலர் ஏமாறுவது ஷூர் எம்67இல். சின்னப் பெட்டி, நான்கு மைக் குமிழ், ஒலி அளவு காட்டும் அழகான வியூ மீட்டர், வெளியிட ஒலிபரப்புக்கென்றே செய்தது. மோனோ. 'ரேடியோ மிக்சர்' என்று வாங்கி டர்ன்டேபிளை நேரே மாட்டினால் பாஸ் இல்லாமல் தகரம் தட்டுவதுபோல் கேட்கும். காரணம், அதில் ஆர்ஐஏஏ சமன் கிடையாது. தட்டு பதிவாகும்போது 20 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறத்தாழ 19 டெசிபெல் குறைத்தும் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அதே அளவு கூட்டியும் பதிகிறார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்யும் பிரீஆம்ப் நடுவில் வேண்டும். கார்ட்ரிட்ஜுக்கு 47 கிலோ ஓம் உள்ளீடும் வேண்டும், மைக் முனையில் அது இருக்காது. தனி போனோ பிரீஆம்ப் வைத்து, லைன் அளவுக்கு மாற்றிய சேனலில் கொடுத்தால் எம்67 அருமையாக உழைக்கும். 78 தட்டுக்கு மோனோ என்பது குறையும் அல்ல.

ஸ்டூடர் 169 ஸ்டீரியோ, 10 சேனல். தூக்கிச் செல்லலாம் என்று விளம்பரம் சொன்னாலும் இரண்டு பேர் வேண்டும். ஒலியின் சுத்தத்தில் இதற்கு நிகர் இந்த விலையில் இல்லை. ஐரோப்பியப் பழைய மிக்சர் எதுவானாலும் மைக்கை இயக்கும் மின்சாரம் (12 வோல்ட் டி-பவரோ 48 வோல்ட் பேண்டமோ) மைக் முனையில் போய்க்கொண்டிருக்கிறதா என்று மல்டிமீட்டரில் அளந்த பிறகே பிரீஆம்பைச் செருகுங்கள்.

அமெரிக்க கன்சோல்களில் (ஸ்டூடியோ மிக்சர் மேசைகளில்) க்யூ வசதிதான் சிறப்பு. குமிழை இடப்பக்கம் முழுதும் திருப்பினால் 'டிக்' என்று விழும், அந்த சேனல் ஒலிபரப்பில் போகாமல் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும். ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்ததைத் தேடி வைக்கலாம். ஆனால் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். பெயர்ப்பலகையில் 50/60 என்று இருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

அளவுப் பொருத்தம்தான் அடுத்த தலைவலி. ஸ்டூடியோ மிக்சரின் வெளியீடு +4 டெசிபெல், அதாவது 1.23 வோல்ட். பழைய அமெரிக்கப் பெட்டி +8, கிட்டத்தட்ட 2 வோல்ட். வீட்டு ஆம்ப்ளிஃபயர் எதிர்பார்ப்பது 0.3 வோல்ட் அளவு. நடுவில் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்று இல்லாவிட்டால் ஆம்ப் குமிழைச் சற்றுத் தொட்டாலே அலறும். வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள மிக்சர் 600 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. இன்றைய ஆம்பின் உள்ளீடு 10 கிலோ ஓமுக்கு மேல். அப்படியே கொடுத்தால் மேல் ஸ்தாயி கூசும். 620 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வெளியீட்டு முனைகளுக்குக் குறுக்கே சால்டர் செய்தால் அடங்கிவிடும். மெட்டல் ஃபிலிம் வகை, கால் வாட், சில்லறைக் காசுதான்.

நம் கடற்கரைக் காற்றை ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் கணக்கில் எடுக்கவில்லை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் உப்புக் காற்று. இடவப்பாதி மழையும் நமக்கு, ஐப்பசி மழையும் நமக்கு. ஃபேடர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) கரகரப்பதும், சுவிட்சின் வெள்ளி முனை கறுப்பதும், ஒரு சேனல் காணாமல் போய்த் தட்டினால் திரும்புவதும் இதனால்தான். கண்ட ஸ்ப்ரேயை ஃபேடருக்குள் அடிக்காதீர்கள். பிளாஸ்டிக் தடமுள்ள ஃபேடரில் உள்ள மசகை அது கரைத்துவிடும், ஒரு வாரம் சுத்தமாக இருந்து பிறகு முன்னைவிட மோசமாகும். கழற்றி, பஞ்சு விடாத துணியில் ஆல்கஹால் தொட்டு லேசாக ஒற்றி எடுங்கள். லிவர் சுவிட்சின் முனைகளுக்கு உப்புத்தாள் கூடவே கூடாது. ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத் துண்டை இரு முனைகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தி உருவினால், காகிதத்தில் கறுப்புக் கோடாக அழுக்கு வந்துவிடும். கோடு வராத வரை திரும்பச் செய்யுங்கள். ஐரோப்பியச் சாதனங்களின் மின்நுழைவில் மஞ்சள் நிறக் கண்ணாடிபோன்ற உறையில் ரிஃபா கப்பாசிட்டர் இருந்தால் பரிசோதனை எல்லாம் வேண்டாம், பிடுங்கி எறிந்துவிட்டு எக்ஸ்2 வகை புதிதாகப் போடுங்கள். உறை வெடித்து ஈரம் புகுந்ததும் அது புகையும், அறை முழுக்க நாறும்.

ஹம் இரைச்சலுக்கு முக்கால்வாசி காரணம் எர்த். டர்ன்டேபிளின் எர்த் வயர் பிரீஆம்புக்கோ மிக்சருக்கோ ஓர் இடத்தில் மட்டும் சேர வேண்டும், இரண்டு இடத்தில் சேர்ந்தால் வளையமாகிவிடும். லேப்டாப்பில் பதிவு செய்யும்போது மட்டும் இரைகிறதென்றால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கேரார்ட் மேல் கவசமில்லாத கிரேடோ கார்ட்ரிட்ஜ் போட்டால் மோட்டாரின் காந்தப்புலமே உள்ளே வரும், அதற்கு எர்த் மருந்தல்ல, கார்ட்ரிட்ஜை மாற்றத்தான் வேண்டும்.

திருவனந்தபுரத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ பார்சல் வருவதென்றால் விற்பவரிடம் முன்கூட்டியே மூன்றைச் சொல்லிவிடுங்கள். சுழலும் தட்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் கட்ட வேண்டும். ஆர்மின் எடைக்கல்லைக் கழற்றி, ஆர்மைத் தாங்கியோடு சேர்த்து மெல்லிய கம்பியால் கட்ட வேண்டும். ஐட்லர் மெஷின் என்றால் லிவர் 'ஆஃப்' நிலையில் இருக்க வேண்டும். தட்டை மேலேயே வைத்து அனுப்பினால் வழியில் பேரிங்கின் அடித்தாங்கியில் குழி விழும். வந்ததும் தட்டைக் கையால் சுற்றிவிட்டு, பேரிங் கூட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து அதன் பிடியில் காதை ஒட்டிக் கேளுங்கள். சீராக 'ஸ்ஸ்' என்று கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடலாம். ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'கர்' என்று உரசினால் திருப்பி அனுப்புங்கள்.